இருட்டு கெட்டதா, டீச்சர்?

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய திருநாள். ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த மெழுகுதிரியோடு சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் மறைக்கல்விக்கு வந்துவிட்டார்கள். கிறிஸ்து பிறப்பு நாளிலிருந்து விரல்விட்டு எண்ணச் சொன்னேன். சரியாக 40 வந்தது. மரியாவும் சூசையும் குழந்தையைக் கோவிலுக்குத் தூக்கிப்போன கதையை அங்கிருந்தே ஆரம்பித்தேன். சிமியோன் தாத்தா குழந்தையைக் கையில் வாங்கி, எல்லா மக்களுக்கும் ஒளி என்று சொன்னார் அல்லவா? "அப்போ பாப்பா பல்பு மாதிரி எரிஞ்சுதா?" என்றான் ஒருவன். இல்லடா, உன் தங்கச்சி போலத்தான் இருந்தது, ஆனாலும் தாத்தாவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது என்றேன்.

பிப்ரவரி 16

வகுப்பறைச் சுவரில் பழைய படம் ஒன்று உண்டு. கறுப்பு இதயம் பாவம், வெள்ளை இதயம் புண்ணியம். இன்று ஒரு பிள்ளை எழுந்துபோய், தன் கையை அந்தக் கறுப்பு இதயத்தின்மேல் வைத்து நிறம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் படத்தைக் கழற்றிவிட்டேன். "கருவாச்சி" என்று தெருவில் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு, கோவிலிலும் அதையேவா சொல்லிக்கொடுப்பது? ஒளியைப் பற்றிப் பேச நிறம் தேவையே இல்லை.

மார்ச் 9

தவக்காலம் தொடங்கிவிட்டது. சன்னல்களைச் சாத்தி ஒரே ஒரு திரியை ஏற்றி, "உலகின் ஒளி நானே" என்று இயேசு சொன்னதை வாசித்தேன். "அப்போ இருட்டு கெட்டதா, டீச்சர்?" நான் வாய் திறப்பதற்குள் இன்னொருவன் சொன்னான்: "எங்கப்பா இருட்டுலதான் கடலுக்குப் போவாங்க. நிலா இல்லாட்டித்தான் மீன் படும்." கடற்கரைப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இயேசு பிறந்த செய்தி இடையர்களுக்கு வந்தது இரவில். மகதலா மரியா இயேசுவின் கல்லறைக்குப் போனபோதும் விடியவில்லை. இருள்கூடக் கடவுளுக்கு இருட்டில்லை என்கிறது 139-ஆம் திருப்பாடல். பயமாக இருக்கும்போதும் அவர் கூடவே இருக்கிறார். பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 6

பைபிளின் படைப்புக் கதையில் முதல் நாளே ஒளி, நான்காம் நாள்தான் சூரியன். அப்படியென்றால் அந்த ஒளி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள் ஒருத்தி. கடவுளிடமிருந்து என்றேன். ஒத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 19, பெரிய சனி

பூசைக்கு முன்பே, ஈஸ்டருக்கு ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியைப் பக்கத்தில் காட்டினேன். நடுவில் சிலுவை. மேலே அகரம், கீழே னகரம்: முதலும் முடிவும் அவரே. சிலுவையின் நான்கு மூலையிலும் 2, 0, 2, 5. இயேசுவின் ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள். ஒருவன் குனிந்து எண்ணிவிட்டு, "இது இந்த வருசத்துத் திரியா? அப்போ நம்ம திரி!" என்றான். நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்புறம் எல்லா விளக்கையும் அணைத்து, வெளியே புது நெருப்பில் அதை ஏற்றினார்கள். பிள்ளைகள் ஒருவர் திரியில் ஒருவர் ஏற்றிக்கொண்டார்கள். யாரும் தள்ளவில்லை, அழவில்லை.

ஏப்ரல் 27

ஞானஸ்நானத்தில் கொடுத்த திரியை வீட்டில் தேடி எடுத்துவரச் சொல்லியிருந்தேன். சிலர் கொண்டுவந்தார்கள். ஒருத்தியுடையதைக் கரண்ட் போன இரவில் அம்மா எரித்துத் தீர்த்துவிட்டாராம். அவளுக்குப் புதுத் திரி வாங்கி வைத்திருக்கிறேன். பாஸ்கா திரி ஜூன் 8, தூய ஆவியார் வந்த பெந்தகோஸ்து திருநாள் வரை பீடத்தருகே இருக்கும். அதற்குள் ஒரு நாள் அதிலிருந்தே எல்லாரும் ஏற்றிக்கொள்ள ஃபாதரிடம் கேட்டிருக்கிறேன்.