கடைப்பெட்டி இழுக்க ஒரு பழைய பிக்கப் வாங்கிய கதை

எங்கள் ஊரில் கரவன் என்றால் நிஸான் கரவன் வான்தான். அதனால் இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் போனில் "நான் ஒரு கரவன் வாங்கியிருக்கிறன், காருக்குப் பின்னால கொழுவி இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போறனாங்கள்" என்றபோது, ஏன் இழுக்கிறாய், எஞ்சின் போட்டுதோ என்றுதான் கேட்டேன். அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்புறம் படம் அனுப்பினான். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி, கீழே இரண்டு சில்லு.

அந்தப் படம்தான் எனக்கு வேலை வைத்தது. கிளிநொச்சியில் எங்களுக்குச் சின்னத் தேநீர்க்கடை ஒன்று இருக்கிறது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஓகஸ்டில் மடு மாதா திருவிழா என்று சனம் கூடும் இடமெல்லாம் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினில் சட்டி பானை ஏற்றிக்கொண்டு போய், தறப்பாள் கட்டி, விடிய விடிய விற்று, மறுநாள் எல்லாவற்றையும் அவிழ்த்து ஏற்றி வர முதுகு முறியும். கடையையே சில்லில் வைத்தால் என்ன? பிக்கப்பின் மேலேயே கடையைக் கட்டலாமே என்று நாலு பேர் கேட்டார்கள். கட்டலாம், ஆனால் நடுச்சாமத்தில் ஐஸ் முடிந்தால் கடையை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். பெட்டி என்றால் கழற்றி நிறுத்திவிட்டு வாகனம் தன் பாட்டில் போய் வரும்.

பெட்டியை உள்ளூர் வெல்டிங் கடையில் அடித்தோம். அதை விடுகிறேன், வாகனம் தேடியதுதான் பெரிய கதை.

முதலில் எனக்கு எஞ்சின் பைத்தியம். எத்தனை சிசி, டீசலா, டர்போ இருக்கா என்றுதான் எல்லாரையும் கேட்டேன். மச்சான்தான் "எஞ்சினை விடு, பெட்டி எவ்வளவு பாரம், வாகனம் எவ்வளவு பாரம், அதைச் சொல்லு" என்றான். அங்கே கரவன் இழுக்கப் பழகுகிறவர்களுக்கு, பொருளெல்லாம் ஏற்றிய பெட்டியின் பாரம் காரின் வெறும் பாரத்தில் 85 வீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பார்களாம். அது அறிவுரை. சட்டம் வேறு: பெட்டிக்கென்று தனி பிரேக் இல்லாவிட்டால் 750 கிலோ, அல்லது காரின் பாரத்தில் பாதி, இதில் எது குறைவோ அதுதான் எல்லை. அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே பொலிஸ்காரர் அதைக் கேட்கப்போவதில்லை. ஆனால் பாரத்துக்கு எந்த நாடு என்று தெரியாதே.

பெட்டியில் காஸ் சிலிண்டர் இரண்டு, நூறு லீற்றர் தண்ணீர், குளிர்பெட்டி, சீனி, மா எல்லாம் ஏற்றி, பரந்தன் பக்கம் லொறி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம். 690 கிலோ. பிரேக் இல்லாத பெட்டி. அப்படியென்றால் 1,380 கிலோவுக்குக் குறைந்த வாகனம் வேண்டாம். இந்த ஒரு கணக்கிலேயே பாதி வாகனங்கள் கழிந்துவிட்டன. வீட்டில் மனைவி ஆசைப்பட்ட வாகன்ஆர் என்ற சின்னக் கார் எண்ணூறு கிலோவை ஒட்டித்தான் வரும், எங்கள் பெட்டிக்கு முன்னால் அது ஆட்டுக்குட்டி. பட்டா என்று நாங்கள் சொல்லும் குட்டி டாட்டா லொறி மலிவு, எங்கும் திருத்தலாம், ஆனால் 702 சிசி, அதுவும் பாரமில்லாத சாமான். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் பக்கம் போகவே இல்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகன விலை என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும், முப்பது வருடப் பழைய ஹைலக்ஸ் வைத்திருந்தவர் நகைக்கடை வைத்திருக்கிற மாதிரி விலை சொன்னார்.

வன்னி தட்டை நிலம். ஏற்றமே இல்லாத ஊரில் எந்த வாகனமும் இழுத்துவிடும். பிரச்சினை நிற்பாட்டுவதில்தான் இருக்கிறது. இரவில் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஓடியவருக்குத் தெரியும், வளைவு திரும்பினால் நடு றோட்டில் பத்து மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அப்போது பிரேக் மிதித்தால் பின்னாலிருந்து பெட்டி தள்ளும். தள்ளுகிறதைத் தாங்கத்தான் வாகனத்துக்குப் பாரம் வேண்டும்.

ஆக, பாரமான, சேசி என்ற தனி இரும்பு அடிச்சட்டம் வைத்த, பின்சில்லு இழுவை உள்ள மலிவான சாமான் தேடினால் மகேந்திரா பொலேரோ பிக்கப்பில் வந்து நின்றது. பார்த்தது மூன்று. முதலாவதில் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர் வேறு, விற்றவர் வேறு, முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனி. "தம்பி, அது பிறகு மாத்தலாம், ஓபன் பேப்பரில தாறன்" என்றார், அதாவது பெயர் மாற்றாமல் வெறும் கையெழுத்துப் போட்ட பேப்பரோடு. கும்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது கடற்கரைப் பக்கம் ஓடியது. வெளியே பளபளப்பு, சேசிக்குப் புதுக் கறுப்புப் பெயின்ட். எங்கள் கராஜ் அண்ணை ஒன்றும் பேசாமல் குனிந்து ஸ்குரூட்ரைவரால் பின்பக்கம் ஒரு குத்துக் குத்தினார், உள்ளே போய்விட்டது. பெட்டியை இழுக்கும் கொக்கி பூட்ட வேண்டிய இடமே அதுதான்.

மூன்றாவது ஓமந்தைப் பக்கம் ஒரு விவசாயியுடையது. நெல் மூட்டை ஏற்றி ஏற்றிப் பின் ஸ்பிரிங் தட்டு கொஞ்சம் அமர்ந்திருந்தது, உடம்பெல்லாம் கீறல். சேசி நல்ல இரும்பு. சேசி இலக்கத்தைப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் 2009இல் எங்கள் உழவு மெசினும் ஆயிரக்கணக்கான வாகனங்களோடு கிடந்தது, அதற்குப் பிறகு இலக்கம் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. ஹான்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாம் கியரில் கிளச்சை மெல்ல விட்டோம், எஞ்சின் உடனே நின்றது, கிளச் வழுக்கவில்லை. எஞ்சின் சூடாக ஓடும்போது எண்ணெய் மூடியைக் கழற்றினால் புகை குப்பென்று வரவில்லை. கேட்டது 28 லட்சம், கொடுத்தது 26. தராசில் 1,600 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

கொக்கி விஷயத்தில் வெல்டிங்காரரோடு சண்டை. அவர் உழவு மெசினுக்குப் போடுகிற ஆணியும் வளையமும் போதும் என்றார். அதில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் இடிக்கும். கடைசியில் பழைய வாகனச் சாமான் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் 50 மில்லிமீற்றர் உருண்டைக் கொக்கியும் அதற்குப் பொருந்தும் தலையும் பழையதாக எடுப்பித்தேன். கழன்றால் பிடிக்க ஒரு சங்கிலியும் போட்டோம்.

இவ்வளவு பார்த்தும் முதல் ஓட்டத்தில் உயிர் போய்வந்தது. விசுவமடு தாண்டி அறுபதில் போகிறேன், பெட்டி பாம்பு மாதிரி ஆடத் தொடங்கிவிட்டது, அது ஆட பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து ஆடுகிறது. பிரேக்கைத் தொடாமல் அக்சிலேட்டரை மட்டும் விட்டேன், மெல்ல அடங்கியது. மச்சானுக்குப் போன் அடித்தால் "மூக்குப் பாரம் பார்த்தனியோ?" என்கிறான். கொக்கியின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் பாரம், ஏற்றிய பெட்டியின் பாரத்தில் 5 முதல் 7 வீதம் இருக்க வேண்டுமாம். எங்களுக்கு 35 முதல் 48 கிலோ. நெல் நிறுக்கும் தராசில் பெட்டியின் மூக்கை வைத்தால் வெறும் 12. தண்ணீர்த் தொட்டியை அச்சுக்குப் பின்னால் வைத்திருந்தோம், தேநீர் போட வசதி என்று. தொட்டியையும் சிலிண்டர்களையும் அச்சுக்கு முன்னால் நகர்த்தினோம், 43 வந்தது. அதற்குப் பிறகு ஆடவே இல்லை. மடுவுக்குப் போகும்போது முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்தேன், அது வேறு கணக்கு.

இப்போது ஒரே ஒரு சிக்கல்தான். பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பெட்டி வலப்பக்கம் போகிறது. மனைவியின் தம்பி சின்ன வயதிலிருந்து உழவு மெசின் பெட்டி ஓட்டியவன், ஒரு கையில் தேநீரோடு ஒரே எடுப்பில் கோயில் வீதியில் செருகிவிடுகிறான். நான் இன்னும் தொட்டித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, கழற்றி, நாலு பேரைக் கூப்பிட்டுக் கையால்தான் தள்ளுகிறேன்.