டாக்டருக்கா, கம்ப்யூட்டருக்கா?

"நீ டாக்டருக்குப் படிக்கிறியா, கம்ப்யூட்டருக்கா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா, கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்று அப்பா ஃபோனில் கேட்டார். கோயம்புத்தூரில் பிளஸ் டூ முடித்து, உதவித்தொகையில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வந்திருந்தேன். இரண்டாம் ஆண்டில், மனமும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று படிக்கும் காக்னிட்டிவ் அண்ட் பிரெய்ன் சயின்ஸ்தான் என் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்று எழுதிக் கொடுத்த வாரம் அது. "ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்ப்பா" என்றேன். "அதான் பயமா இருக்கு" என்றார்.

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. இந்தத் துறை பிறந்ததே அப்படித்தான். 1956 செப்டம்பர் 11 அன்று எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு கூட்டத்தில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் மனித நினைவின் கொள்ளளவைப் பற்றியும், மொழியியலாளர் சோம்ஸ்கி இலக்கணத்தைப் பற்றியும், நியூவெல்லும் சைமனும் தர்க்கத் தேற்றங்களை நிறுவும் கம்ப்யூட்டர் நிரலைப் பற்றியும் பேசினார்கள். மூன்றும் ஒரே விஷயத்தின் துண்டுகள் என்று மில்லருக்குத் தோன்றியது. துறையின் பிறந்தநாளாக அந்தத் தேதியைத்தான் அவர் பின்னாளில் சொன்னார். 1978இல் வந்த ஸ்லோன் அறக்கட்டளை அறிக்கை இதை ஓர் அறுகோணமாக வரைந்தது: தத்துவம், மொழியியல், மானுடவியல், நரம்பியல், கம்ப்யூட்டர், உளவியல். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டைம்டேபிள் போட உட்காரும்போது, ஆறு மூலைகளும் ஆறு வெவ்வேறு கட்டடங்களில் இருப்பது தெரியும்.

முதல் வருஷம் நான் தடுமாறியது பாடம் கடினம் என்பதால் இல்லை. எந்த வகுப்புக்குப் போனாலும் விருந்தாளி மாதிரி இருந்ததுதான் காரணம். 'மெமரி' என்று உளவியல் வகுப்பில் சொன்னால், சொற்பட்டியலைப் படித்துவிட்டு எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று எண்ணுவது. நரம்பியலில் அதே சொல்லுக்கு ஹிப்போகேம்பஸ். வலிப்புக்காக 1953இல் மூளையின் அந்தப் பகுதியை அகற்றியபின் புதிய நிகழ்ச்சி எதையும் மனதில் நிறுத்த முடியாமல் போன ஹென்றி மொலைசன். கம்ப்யூட்டர் வகுப்பில் அது வெறும் முகவரி. தத்துவ வகுப்பில், எல்லாம் மறந்தவன் அதே ஆள்தானா என்று ஒரு மணி நேரம் வாதம். இதையெல்லாம் சேர்த்துத் தைத்துக் கொடுக்க ஆள் வருவார் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஒவ்வொரு புரொஃபசருக்கும் அவரவர் மூலைதான்.

எனக்கு ஊசியும் நூலும் கிடைத்தது மொழியியல் வகுப்பில். இந்தியில் பல்லைத் தொட்டுச் சொல்லும் 'த'வையும் நாக்கை மடித்துச் சொல்லும் 'ட'வையும், ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள்கூடப் பிரித்துக் கேட்கின்றன, ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது என்று ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டிய ஆய்வு அன்றைய பாடம். புரொஃபசர் என்னைப் பார்த்து, "உன் மொழியில் இது உண்டா?" என்றார். எழுந்து நின்று "பத்து, பட்டு" என்றேன். வகுப்பே முழித்தது. மறுபடி, மெதுவாகச் சொன்னேன். ஒருவன், "ஒரே சொல்லைத்தானே ரெண்டு தரம் சொல்கிறாய்?" என்றான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அன்று இரவே என் அறைத்தோழி கணக்கைத் தீர்த்தாள். திராட்சைக் கொடிக்கு ஒரு 'வைன்' (vine), குடிப்பதற்கு ஒரு 'வைன்' (wine), மாற்றி மாற்றிச் சொல்லி எது எது என்று கேட்டாள். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு 'வ'. பத்துக்கு ஐந்து சரி. அதாவது காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

காதில் விழும் ஒலி எப்படிச் சொல்லாகி, அப்புறம் பொருளாகிறது? இந்த ஒரு கேள்வியை எல்லா வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு போனேன். டெர்ம் பேப்பர் எழுதச் சொன்னால், எந்தத் துறையானாலும் இதன் ஏதாவது ஓர் ஓரம்தான். பாடங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. உங்கள் கேள்வி முகங்களை அடையாளம் காண்பதாகவோ, தூக்கமாகவோ, முடிவெடுப்பதாகவோ இருக்கலாம். பரந்த ஆர்வம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நான்கு வருஷம் ஓட்ட முடியாது.

இனி நான் செய்த தப்பு. கணக்கு பயத்தில் ஸ்டாடிஸ்டிக்ஸை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, அதற்கு முன்பே ஒரு லேபில் சேர்ந்தேன். அங்கே இ.இ.ஜி. வேலை, அதாவது தலையில் மின்முனைகளை வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது. மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் கண்டதுதான் அடிப்படை: 'சூடான ரொட்டியில் சாக்ஸைத் தடவினான்' என்பதுபோல ஒரு வாக்கியத்தைப் படித்தால், பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லிசெகண்டில் மூளை அலை ஒரு பக்கம் சரியும். முதல் நாள் பழகுவதற்கு என் தலையிலேயே தொப்பியை மாட்டினார்கள். மழுங்கிய ஊசியால் முடியை விலக்கி, ஒவ்வொரு மின்முனைக்கடியிலும் ஜெல் விட வேண்டும். அரை மணி நேரம் ஆகியும் திரையில் சிவப்புப் புள்ளிகள் பச்சையாகவே இல்லை. சீனியர் என் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன தடவியிருக்கிறாய்?" என்றாள். தேங்காய் எண்ணெய். போய் ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு வந்தேன்.

அது சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. கைக்கு வந்த தரவில், எல்லா மின்முனையிலும் எல்லா நேரப் புள்ளியிலும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்து, 'வித்தியாசம் இருக்கிறது!' என்று மீட்டிங்கில் காட்டினேன். சீனியர் செத்த மீன் கதையைச் சொன்னாள். கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் ஒரு செத்த சால்மனை ஸ்கேனரில் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான சோதனைகளுக்கான திருத்தம் செய்யாமல் பார்த்தபோது மீனின் மூளையில் 'செயல்பாடு' தெரிந்தது. நூறு தடவை வலை வீசினால் ஐந்து தடவை குப்பையும் மீனாகத் தெரியும். என் கண்டுபிடிப்பும் அந்த ரகம். ஒரு செமஸ்டர் உழைப்பைத் திரும்பச் செய்தேன்.

ஆகவே ஸ்டாடிஸ்டிக்ஸை முதல் வருஷத்திலேயே எடுங்கள். கூடவே பைத்தான், ஆர் (R) என்ற நிரல் மொழிகளில் ஏதாவது ஒன்றில் கை பழகட்டும். தத்துவத்தைத் தள்ளிப்போட்டால்கூடப் பரவாயில்லை, இவை இரண்டையும் தள்ளாதீர்கள். சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும், முன்பாடம் இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். நான்கு வருஷத்தையும் ஒரே தாளில் எழுதி ஆலோசகரிடம் காட்டிவிடுங்கள். லேபில் சேர, 'எனக்கு மூளை மிகவும் பிடிக்கும்' என்று மெயில் போட்டு மூன்று பேரிடம் பதிலே பெறாதவள் நான். நான்காவது மெயிலுக்கு முன் அந்த புரொஃபசருடைய ஒரு கட்டுரையைப் படித்து, புரியாத ஒரு இடத்தைக் கேட்டேன். மறுநாளே வரச் சொன்னார்.

வேலை? என்னோடு படித்தவர்களில் ஒருத்தி மருத்துவக் கல்லூரியில், ஒருவன் மென்பொருள் நிறுவனத்தில் பயனர் ஆய்வு, இன்னொருத்தி பேச்சுப் பயிற்சிக்கு முதுகலை. ஆனால் இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோயாளிக்குச் சிகிச்சை தர முடியாது; அந்த எண்ணம் இருந்தால் இப்போதே தெளிவாகிவிடுங்கள். இந்தியாவிலேயே படிக்க நினைப்பவர்கள் உளவியலோ உயிரியலோ பொறியியலோ முடித்துவிட்டு, காந்திநகர், கான்பூர் ஐ.ஐ.டி.களிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் மேற்படிப்புக்கு வரலாம். துண்டித்துப்போன கையோ காலோ இன்னும் வலிப்பதுபோல் தோன்றும் மாய உறுப்பு வலிக்கு, முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த பெட்டியைப் பயன்படுத்திய வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்தான்.

2024இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டனுக்கு நோபல் அறிவித்த அன்று அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். கேம்பிரிட்ஜில் பட்டத்துக்குப் படித்தது சோதனை உளவியல், வேலை செய்தது கம்ப்யூட்டரில், பரிசு கிடைத்தது இயற்பியலுக்கு என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாவம், அவங்கப்பா கேக்கறவங்ககிட்ட என்னன்னு சொல்லிச் சமாளிச்சாரோ" என்றார்.