கொல் தெம்போ

"அக்கா, அதில எவென்துவால்மெந்தே எண்டே இருக்கட்டுமே."

அந்தத் தம்பி கெஞ்சவில்லை. திரையில் வரியைத் தொட்டுக் காட்டி, மெதுவாகத்தான் சொன்னான். மாதங்கள் ஆகியும் அந்த வரி என்னை விடுவதாக இல்லை.

லண்டனில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் அவனுடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்திருக்கிறது. அங்கே கொடுத்த ஆங்கிலக் கடிதம் இங்கே, இத்தாலியில், பலெர்மோ டாக்டருக்கு இத்தாலியனில் வேண்டும். தம்பியே மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு வேலை செய்கிற என்னிடம் சரிபார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தான். நடுவில் ஒரு வசனம்: உங்களுக்கு 'ஈவெஞ்சுவலி' டயலிசிஸ் தேவைப்படும். நாள் எடுத்தாலும் வரத்தான் போகிறது என்பது ஆங்கிலப் பொருள். எவென்துவால்மெந்தே பார்வைக்கு அதன் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். ஆனால் இத்தாலியருக்கு அது 'தேவைப்பட்டால், ஒருவேளை'.

மரபுத்தொடர்கள் என்னை இப்படிப் படுத்தியதே இல்லை. ஆங்கிலேயருக்கு ஒரு கல்லில் இரண்டு பறவை, இத்தாலியருக்கு ஒரு அவரைக்கொட்டையில் இரண்டு புறா, நமக்கு இரண்டு மாங்காய். பார்த்ததுமே நின்று யோசிக்க வைத்துவிடும். அதே கடிதத்தில், இரத்த அழுத்தத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். மூன்று மொழியிலும் கண்தான், நிமிடத்தில் முடிந்தது. முகம் ஒன்றாக இருக்கிற சொற்கள்தான் ஆளை விழுத்துகின்றன.

அதைத்தான் அவனுக்கு விளக்கத் தொடங்கினேன். "பிழை எண்டு எனக்கும் தெரியும் அக்கா. எல்லாரும் விடுற பிழைதானே," என்றான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன்; என்னைவிட நல்ல இத்தாலியன் அவனுடையது. வேண்டுமென்றே போட்டிருக்கிறான். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. இருபது வருடத்துக்கு மேல் இத்தாலியர் வீடுகளில் வேலை செய்தவர், இத்தாலியனை எழுத்துக்கூட்டி வாசிப்பார். அப்படியென்றால் அந்தச் செய்தியை அவர் முதன்முதலில் வாசிக்கப்போவது என் தாளில்தான்.

நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, 16 யூரோ முத்திரை ஒட்டிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாக இருந்தால், "சட்டம் விடாது தம்பி" என்று தப்பியிருப்பேன். இது அப்படியில்லை. "டாக்டரும் இதைத்தானே வாசிப்பார்," என்றேன். அது நியாயமான பேச்சுத்தான். டயலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது இரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்து ஒரு வழி, போட்டால் அது பழகவே வாரங்கள், மாதங்கள் ஆகும். 'ஒருவேளை' என்று வாசிக்கிற டாக்டர் அவசரப்படாமல் இருந்துவிட்டால்?

"டாக்டருக்கு நான் நேர சொல்லுறன் அக்கா."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

வழக்கமாக நான் 'ப்ரீமா ஓ பொய்' என்று போடுவேன்: இன்றோ நாளையோ, எப்படியும் வந்தே தீரும். தட்டச்சும் செய்தேன். வாசித்தால் மிரட்டுவது போல இருந்தது. கடைசியில் நிற்கிற அந்தப் 'பொய்'யும் என் தமிழ்க் காதில் இடறியது. அழித்துவிட்டு 'கொல் தெம்போ' என்று போட்டேன். காலப்போக்கில். தம்பி ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான்.

அது சரியான மொழிபெயர்ப்பு. யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சரி என்பதற்காகத்தான் போட்டேனா, அவன் முகத்தைப் பார்த்துப் போட்டேனா? வேறு யாருடைய கடிதமாக இருந்தாலும் முதலில் தட்டச்சு செய்ததையே விட்டிருப்பேன். அவன் கேட்டதையும் செய்யவில்லை, என் வழக்கப்படியும் செய்யவில்லை. சில நாள் இதுதான் நேர்மை என்று படுகிறது. சில நாள், ஒரு மகன் தன் தகப்பனுக்குத் தானே சொல்லவேண்டியதைப் பறித்துக்கொண்டேன் என்று படுகிறது.

அப்புறம் ஒரு ஞாயிறு காலை, சாந்தா ரொசாலியா கோவிலுக்கு மலை ஏறும்போது, ஒரு வளைவில் கல் கட்டின் மேல் தம்பியின் அப்பா, அந்த ஐயா, இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கடிதத்துக்கு நன்றி சொன்னார்.

"பிள்ளை, கொல் தெம்போ எண்டால் எவ்வளவு காலம்?"

ஆங்கிலத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.

"போகப் போக எண்டு அர்த்தம் ஐயா. காலக்கணக்கை டாக்டரிட்டத்தான் கேக்கோணும்."

"போகப் போக," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து எழும்பினார். மிச்சத் தூரத்தைச் சேர்ந்தே ஏறினோம்.