காப்பி போடாத மார்ச்

2025 பிப்ரவரி 16, ஞாயிறு, அல்சூர், பெங்களூரு

பைதான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுத்தரும் புத்தகத்தை நான்காவது தடவையாகத் திறந்து, நான்காவது தடவையாக இரண்டாம் அத்தியாயத்தில் தூங்கிப் போனேன். அக்கா மகள் வந்திருந்தாள். "அதை மூடி வைங்க மாமா" என்று சொல்லிவிட்டு, தான் எழுதிய பன்னிரண்டு குட்டி நிரல்களை என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். எல்லாம் பத்து வரிக்குள், எல்லாம் ஓடுகிறவை. ஒரே கண்டிஷன்: ஓடவிடும் முன் என்ன விடை வரும் என்று தாளில் எழுதிவிட வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

சிக்பேட்டை கடைக்குப் போகும்போது மெட்ரோவிலேயே எழுதிவிட்டேன்: 0.1 + 0.2 என்றால் 0.3. இதையெல்லாமா எழுதுவது என்று சிரிப்பு வேறு. இரவு ஓடவிட்டால் 0.30000000000000004! 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333 என்று போய்க்கொண்டே இருக்குமே, அதுபோல கணினி மாதிரி 0, 1 மட்டும் வைத்து எழுதினால் 0.1-க்கு முடிவே கிடையாதாம்.

அடுத்தது இன்னும் மோசம். 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் 2 வருகிறது, 3.5-க்கு 4. சரிபாதி வந்தால் இரட்டைப்படை எண் பக்கம் சாய்கிறது. இருபது வருஷமாகக் கணக்கு எழுதும் கைக்கு இது ஒப்பவில்லை. பணத்தை இனி பைசாவாக, முழு எண்ணாகத்தான் வைப்பேன்.

பிப்ரவரி 26

மூன்று நிரல், மூன்றும் சரி. தலைக்கனம் ஏறியது.

மார்ச் 2, ஞாயிறு

முதல் சொந்த நிரல். மனைவி நடத்தும் சாப்பாட்டு கேரியர் கணக்கு; பிப்ரவரி என்ற பட்டியலில் 18 பேர். பைதான் 3-இல் மாறிகளுக்கு (நிரலில் தகவலைக் குறிக்கும் பெயர்கள்) தமிழிலேயே பெயர் வைக்கலாம். மார்ச்சுக்கும் அதே ஆட்கள்தானே என்று ஒரே வரி:

மார்ச் = பிப்ரவரி

புதிதாக வந்த மூன்றாம் மாடித் தம்பியை மார்ச்சில் சேர்த்தேன். பிப்ரவரி பில்லை எடுத்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டேன். தாளில் எதுவும் எழுதவில்லை. நம்ம நிரல்தானே என்ற திமிர்.

மார்ச் 3

காலையில் அந்தத் தம்பி வாசலில். "அண்ணா, பிப்ரவரியில நான் ஓசூர்லதானே இருந்தேன்?" முழு மாதத்துக்கு அவனுக்கு பில் போயிருக்கிறது. பிப்ரவரி பட்டியலை எண்ணிப் பார்த்தேன்: 19.

அக்கா மகளுக்கு போன் போட்டேன். "கேரியர் ஒண்ணுதான் மாமா. அதுமேல ரெண்டு பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்கீங்க." சமன் குறி பட்டியலை நகலெடுப்பதில்லை, இன்னொரு பெயரைத்தான் ஒட்டுகிறது. நகல் வேண்டுமென்றால் காப்பி (copy) என்ற மெத்தடை, அதாவது பட்டியலோடு வரும் கட்டளையை, கூப்பிட வேண்டும். "ஓ, காப்பி போடலையா!" என்று நான் கத்தியதற்கு, "இப்பதானே குடிச்சீங்க" என்று சமையலறையிலிருந்து பதில்.

மார்ச் 8, சனி

காப்பி போட்டும் வம்பு. இப்போது ஒவ்வொரு ஆளும் பெயர், சாப்பிட்ட நாள் என்று ஒரு குட்டிப் பட்டியல். மார்ச் நாள்களை எல்லாம் பூஜ்யமாக்கினேன், பிப்ரவரியும் பூஜ்யமாகிவிட்டது. இந்தத் தடவை போன் போடாமலே பிடிபட்டது: கேரியர் புதுசு, உள்ளே இருக்கிற அடுக்குகள் பழசு. டீப்காப்பி என்று ஒன்று இருக்கிறது, அது அடுக்குகளையும் புதிதாகச் செய்துவிடுகிறது.

ஓடவிடும் முன் தாளில் எழுதினேன்: பிப்ரவரி 18 பேர், மார்ச் 19; முதல் ஆளுக்கு பிப்ரவரியில் 24, மார்ச்சில் 0. அப்படியே வந்தது. கேரியர் கணக்கு எழுதும் நீல நோட்டை இனிப் பரணில் போடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "ஏப்ரல் வரட்டும்" என்றாள்.