சித்தப்பாவின் எக்ஸ்பி பெட்டியும் என் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

பழைய கம்ப்யூட்டரை அப்படியே லேப்டாப்புக்குள் கொண்டுவரும் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் ஒரே மதியத்தில் முடித்திருப்பேன். தெரியாததால் மூன்று ஞாயிறு போனது.

சித்தப்பாவின் அச்சகத்தில் இருப்பது ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டர். விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்கள். ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் பத்திரிகை அதற்குள்தான் கிடக்கிறது. பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கருகல் வாடை வந்ததும், அப்படியே என் லேப்டாப்பில், ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றேன். “ஓடுறவரைக்கும் ஓடட்டும்டா, நோண்டாதே” என்றார்.

முதல் ஞாயிறு, பழைய ஹார்டு டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டும் அடாப்டருக்கே சரியாகிவிட்டது. “எல்லா டிஸ்க்குக்கும் ஓடும் சார்” என்று கடைக்காரர் கொடுத்தது புதிய வகை இணைப்பான சாட்டாவுக்கு மட்டுமானது. என்னுடையதோ பழைய வகையான 40 ஜிபி ஐடிஇ டிஸ்க். மறுபடியும் பஸ் ஏறி மாற்றிக்கொண்டு வந்தால், அப்போதும் டிஸ்க் தெரியவில்லை. டிஸ்க் முதலாவதா (மாஸ்டர்) இரண்டாவதா (ஸ்லேவ்) என்று சொல்லும் ஜம்பர் ஸ்லேவில் இருந்திருக்கிறது. அதை மாஸ்டருக்கு மாற்றும்போது அரிசி அளவுகூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் துண்டு தெறித்து, கட்டிங் மெஷினுக்கு அடியில் காகிதச் சீவலுக்குள் போய் விழுந்தது. போன் டார்ச்சை அடித்துக்கொண்டு அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தேன்.

டிடி கட்டளையில் டிஸ்க்கை அப்படியே நகலாக (இமேஜ்) எடுத்ததிலும், அதை விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் கோப்பான விடிஐ ஆக்கியதிலும் தொல்லை இல்லை. பூட் செய்தேன்: நீலத்திரை, பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்னும் ஸ்டாப் 7பி பிழை. விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கை சாட்டா கன்ட்ரோலரில் மாட்டியிருந்தேன், எக்ஸ்பிக்கு அது தெரியாது. சரி, ஐடிஇக்கு மாற்றி, கன்ட்ரோலர் வகையை இன்டெலின் பிஐஐஎக்ஸ்4 என்று வைத்தேன். அதே 7பி! பழைய போர்டில் வயா சிப்செட். எக்ஸ்பி அதற்கான டிரைவரை மட்டும் ஏற்றப் பழகியிருக்க, விர்ச்சுவல் மெஷின் காட்டுவதோ இன்டெல் கன்ட்ரோலர். இதற்காகவே மெர்ஜ்ஐடிஇ என்று, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியை மாற்றும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உண்டு. ஆனால் இமேஜ் எடுப்பதற்கு முன்பே பழைய பெட்டியில் அதை ஓட்டிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டுச் செய்கிறவர்கள் இந்த ஒன்றையாவது மறக்காதீர்கள். நான் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, கருகல் வாடைக்கு நடுவே ஓட்டி, மறுபடியும் முழுசாக இமேஜ் எடுத்தேன்.

இந்த முறை எக்ஸ்பி லோகோ வந்தது. கை தட்டக்கூட நேரம் தராமல் அடுத்த நீலத்திரை: 7இ. என் லேப்டாப்பில் இருப்பது ஏஎம்டி பிராசஸர். உள்ளே இன்டெல் பிராசஸருக்கான இன்டெல்பிபிஎம் டிரைவர் ஓடப் பார்க்கிறது. அவசியமான டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் நுழைந்து, ரெஜிஸ்ட்ரியில் அதன் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக்கி, அதாவது முடக்கியதும் அடங்கியது. இதையும் பழைய பெட்டியிலேயே முடித்திருக்கலாம்.

ஹார்டுவேர் மாறிவிட்டது, மூன்று நாளில் ஆக்டிவேட் செய் என்று எக்ஸ்பி கேட்டது தனிக் கூத்து. அது முடிந்ததும் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டேன். 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்துபோன சிஸ்டத்தை இணையத்தில் விடக்கூடாது.

பேஜ்மேக்கர் திறந்தது. ஒரு பழைய பத்திரிகையை எடுத்தால் கொம்பு, கால் எதுவும் இடம் மாறாமல் அப்படியே நின்றது. சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, “புதுசா ஒரு பேர் அடி” என்றார்.

அடிக்க முடியவில்லை. தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேருக்கு, பழைய பிரின்டர்களை மாட்டும் பேரலல் போர்ட்டில் சொருகும் டாங்கிள், அதாவது காசு கொடுத்து வாங்கியது என்று காட்டும் சாவி, வேண்டும். என் லேப்டாப்பில் அந்த போர்ட்டே கிடையாது. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிளையும் வாங்கிப் பார்த்தேன். அது பிரின்டருக்கு மட்டும்தானாம்.

பழைய பெட்டிக்கு வேறு எஸ்எம்பிஎஸ் தேடிக்கொண்டிருக்கிறேன்.