செவி சாய்த்த நாதர்

தை மாத விடியலில் தாமிரபரணிக் கரையில், பாபநாசம் படித்துறையில் நிற்பவர்களுக்குத்தான் குளிரும். இறங்கிவிட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். "பொதிகையில அம்மை ராத்திரியெல்லாம் அடுப்பு மூட்டியிருக்கா, அதான்" என்பார் அப்பா. ஏழெட்டு வயதுவரை அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இந்த முறை அப்பா இல்லாமல் இறங்கினேன். தலைத்திவசம் முடிந்த மறுநாளே, அவரோடு போன இடங்களுக்கெல்லாம் ஒரு தடவை போய்க் கும்பிட்டு வர வேண்டும் என்று தோன்றிவிட்டது. பையில் ஒரு வேட்டி, துண்டு, அவருடைய பழைய பிரபந்தப் புத்தகம். வேறொன்றும் எடுக்கவில்லை.

அப்பா தமிழ் வாத்தியார். அம்பாசமுத்திரத்து ஆற்றில்தான் எனக்கு நீச்சலும் செய்யுளும் சேர்ந்தே வந்தன. மல்லாக்க மிதக்கச் சொல்லி, முதுகுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, "ஒரு வெண்பா முடியுற வரைக்கும் அசையக் கூடாது" என்பார். காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும். அவர் சொல்வது கேட்காது. நான்தான் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். நாலாவது அடிக்கு வந்து பார்த்தால், முதுகுக்கு அடியில் இருந்த கை எப்போதோ போயிருக்கும். நான் மிதந்துகொண்டிருப்பேன். அந்த வெண்பா ஸ்ரீவைகுண்டத்துக்காரருடையது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாபநாசநாதரைக் கும்பிட்டுவிட்டு உலகம்மை சன்னதிக்குப் போனேன். சன்னதி முன்னால் உரலில் பெண்கள் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் வாழ்ந்த நமச்சிவாயக் கவிராயர் இந்த அம்மையையே பாடிக்கொண்டிருந்தவர். இரவில் அவர் பாடிக்கொண்டே வீடு திரும்பும்போது, கேட்பதற்காக அம்மை பின்னாலேயே நடந்து போவாளாம். இந்த ஆற்றங்கரைச் சாமிகள் எல்லாருக்குமே காது கூர்மை.

வெளியே வந்து படித்துறையில் வேலையைத் தொடங்கினேன். வேலை என்றால் துணி எடுப்பது. பாவம் போக வேண்டும் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் இங்கே பல காலமாக இருக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு நண்பர்கள் சேர்ந்து எடுக்கிறோம். எடுத்த இடத்தில் மறு மாதம் மறுபடியும் கிடக்கும். அன்றைக்கு ஒரு சேலை. முந்தானை பாறைக்கு அடியில் மாட்டியிருந்தது. மீதி நீரோட்டத்தில் நீளமாக ஆடிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்து மூன்று முறை முங்கி, கல்லைப் புரட்டி இழுத்தேன். பாசி பிடித்து வழவழவென்று, இரண்டு ஆள் கனம். படியில் போட்டு மடிப்பைப் பிரித்தபோது உள்ளே விரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு. செவுள் மட்டும் அசைந்தது. உள்ளங்கையில் தண்ணீரோடு ஏந்தி விட்டேன். ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டுப் பிறகு போயிற்று.

நான் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு அம்மா மேல்படியில் நின்றார். மதுரைப் பக்கமாம். கையில் நீலச் சேலை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார்.

"தம்பி, இதை இங்கதான விடணும்? பரிகாரம்னு சொன்னாங்க."

யாருக்காக என்று கேட்டேன். மகன், என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் சட்டம் பேசினால் எடுபடாது. பேசவும் கூடாது என்பது என் எண்ணம்.

"அம்மா, மூணு தடவை முக்கி எடுங்க. போக வேண்டியது தண்ணியோட போயிரும். சேலை அதுபாட்டுக்கு உங்க கையில இருக்கட்டும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, மூன்று முறை முக்கினார். மூன்றாவது தடவை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தார். பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். அன்று காலை நான் பார்த்ததிலேயே பெரிய பூசை அதுதான்.

பாபநாசத்துக்கு மேலே காடு. களக்காடு முண்டந்துறை, 1988-ல் புலிகள் காப்பகமானது; தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மலை உச்சியில் புல்வெளியும் சோலையும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கீழே நமக்கு ஆறு. ஆடி அமாவாசைக்கு இந்தக் காட்டுக்குள் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடப் போகும் ஜனங்களில் நானும் ஒருவன். அய்யனார் காட்டுக்குக் காவல் என்றால், அவர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையை விட்டு வருவது எப்படிப்பட்ட காரியம் என்று ஒவ்வொரு வருஷமும் கூட வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இதற்கு உண்டு. முக்கூடற் பள்ளுவில் மழைக்குறி பார்க்கிறவன் "மலையாள மின்னல் ஈழ மின்னல்" என்று இரண்டு திசையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறான். மேற்கே மலையாளக் கரைப் பக்கம், கிழக்கே ஈழத்துப் பக்கம். இதைவிடத் தெளிவாக இந்த ஆற்றின் மழையை யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

நவகைலாயம் என்னும் இந்த ஆற்றங்கரைச் சிவன் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் வண்டி பிடித்துப் பார்த்துவிடலாம். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஆற்றில் ஒன்பது தாமரைப் பூக்களை மிதக்கவிட்டு, ஒவ்வொரு பூவும் ஒதுங்கிய கரையில் ஒரு லிங்கம் வைத்து வழிபட்டார் என்பது தலபுராணம். பூ போன வேகத்தில் போனால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அன்று மாலைக்கு ஒரே ஓர் இடம்தான், அதுவும் அந்த ஒன்பதில் சேராதது: திருப்புடைமருதூர்.

கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம் அது. நாறும்பூநாதர், கோமதி அம்பாள். மருத மரம் தலவிருட்சம். கோபுரத்துக்குள் நிலை நிலையாக மரச்சிற்பங்களும் பழைய ஓவியங்களும் இருக்கின்றன. குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கூட அதில் உண்டு. அதற்கே ஒரு முழு நாள் வேண்டும். நான் போனது லிங்கத்தைப் பார்க்க.

நாறும்பூநாதர் நேராக இருக்க மாட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பார். கருவூர்ச் சித்தர் தரிசனத்துக்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம். கடக்க முடியவில்லை. அக்கரையில் நின்றபடியே "நாறும்பூநாதா!" என்று கூப்பிட்டார். வெள்ளத்தின் இரைச்சலில் குரல் சரியாகக் கேட்கவில்லை போல. சாமி கொஞ்சம் சாய்ந்து, காது கொடுத்துக் கேட்டார். கேட்டவர் அப்படியே இருந்துவிட்டார்.

சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கும்பிட்ட சன்னதிதான். அன்று தீபாராதனை வெளிச்சத்தில் அந்தச் சாய்வைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. கடைசி ஆறு மாதம் அப்பாவின் குரல் மெலிந்துபோயிற்று. நாற்பது வருஷம் வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் போன குரல். வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும். கட்டிலில் ஒரு கையை ஊன்றி, இதே அளவுக்குத்தான் நான் சாய்வேன். சாயங்காலம் ஆனால் ஒரே கேள்வி: "ஆத்துல தண்ணி போவுதா?" போவுதுப்பா, என்பேன். சரி, என்று கண்ணை மூடிக்கொள்வார். கடைசி வரைக்கும் அந்தக் கேள்வி மாறவில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேலே ஒரே இரைச்சல். மரங்கள் முழுக்கப் பறவைகள்: கொக்கு, நீர்க்காகம், சங்குவளை நாரை. இந்த மரங்களும் கூடுகளும் 2005 முதல் பறவைகள் காப்பிடம் (Conservation Reserve). நாட்டிலேயே இந்த வகையில் அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுதான். மொத்தம் 2.84 ஹெக்டேர், ஏழு ஏக்கர் இருக்கும், அவ்வளவுதான். சட்டம் வருவதற்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், எச்சமும் வாடையும் தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். "அதுக சாமியைக் கும்பிட வந்திருக்கு. வந்த ஆளை வெரட்ட நாம யாரு?" என்றார்.

ஒரு நாரை குச்சியோடு வந்து இறங்கியது. கூட்டில் இருந்தது எழுந்து நின்றது. இரண்டும் தலையை மேலே தூக்கி, அலகை அலகோடு படபடவென்று தட்டின. வளர்ந்த நாரைக்குப் பெரும்பாலும் குரல் கிடையாது. அலகைத் தட்டித்தான் பேசும். அந்தச் சத்தம் தரையில் நிற்கும் நமக்கு நன்றாகக் கேட்கும். பனங்கிழங்கைப் பிளந்ததுபோன்ற அலகு என்று சத்திமுத்தப் புலவர் பாடியதை அப்பா இந்த மரத்தடியில் வைத்துத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பொங்கலுக்கு அவித்த கிழங்கைக் கையில் கொண்டுவந்து, இரண்டாகப் பிளந்து காட்டி, "மேல பாரு" என்றார். அந்தப் பாட்டில் நாரை தன் துணையோடு தென்திசைக் குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்புகிறது. அதுவும் யாத்திரைதான். பெரியவர் சொன்னதில் தப்பே இல்லை.

2011 முதல் தை மாதத்தை ஒட்டி இந்தப் பக்கத்துக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நானும் போவேன். எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பேசக் கூடாது, அசையக் கூடாது. சின்னப் பிள்ளைகள்கூட ஒரு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வராத அமைதி குளத்தங்கரையில் வந்துவிடுகிறது.

மறுநாள் ஸ்ரீவைகுண்டம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு இங்கேதான். மேலே நிறைந்து நிற்கும் ஆறு, அணையைத் தாண்டியதும் மணலும் முள்ளுமாக இளைத்துப் போவதைப் பார்க்க எப்போதும் மனசு கஷ்டப்படும். கைலாசநாதரைக் கும்பிட்டேன். குமரகுருபரர் பிறந்த ஊர் இது. ஐந்து வயதுவரை அவருக்குப் பேச்சு வரவில்லை. திருச்செந்தூர் முருகன் சன்னதியில்தான் வாய் திறந்தது என்பார்கள். அப்பா என்னை மிதக்கவிட்டுச் சொல்லச் சொன்ன வெண்பா அவருடையதுதான்: "நீரிற் குமிழி இளமை". செல்வம் நீரில் சுருளும் அலை, உடம்பு நீரில் எழுதிய எழுத்து என்று போகும். பத்து வயதில் அர்த்தம் தெரியாமல், உடம்பைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு அதைச் சொன்னேன். அர்த்தம் தெரிந்தபோது ஆற்றில் அப்பாவின் சாம்பலைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஆழ்வார்திருநகரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. உறங்காப்புளிக்கு அடியில் நின்றேன். பிறந்ததிலிருந்து பேசாமல், கண் திறக்காமல், நம்மாழ்வார் 16 வருஷம் இந்தப் புளியடியில் இருந்தார். வடக்கிலிருந்து ஓர் ஒளியைப் பின்தொடர்ந்து வந்த மதுரகவி ஒரு கேள்வி கேட்டார், பதில் வந்தது. அப்புறம் வந்ததுதான் திருவாய்மொழி, 1102 பாசுரம். கேட்க ஒருவர் வந்த பிறகுதான் அந்த வாய் திறந்தது. இதை அப்பா சொல்லும்போதெல்லாம், மதுரகவிக்கு இன்னொரு கும்பிடு போடச் சொல்வார். போட்டேன்.

ஆதிநாதரைச் சேவித்துவிட்டு ஆற்றுக்கு வந்தேன். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். புத்தகத்தைப் பிரித்தேன். முன்பு ஒருமுறை அப்பாவின் கையிலிருந்து ஆற்றில் விழுந்து, காய்ந்து, உப்பிப்போன புத்தகம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். "நீராய் நிலனாய்த் தீயாய்க் காலாய் நெடுவானாய்" என்ற இடத்தில் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். ஆழ்வார் முதலில் சொன்னது நீரை. இந்தக் கரையில் பிறந்தவர் வேறு எதைச் சொல்வார்! சத்தம் போட்டுப் படித்தேன். பக்கத்தில் துண்டால் மீன் பிடித்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன மாமா படிக்கிய?"

சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னான். இரண்டாவது தடவை அவனும் சேர்ந்து சொன்னான். நெடுவானாய் என்னும்போது தலை தன்னால் மேலே போயிற்று. நான் புத்தகத்தை மூடி, கரையேறத் திரும்பியபோது காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. குனிந்து தடவினேன். துணி. ஒரு பக்கம் மணலுக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது.

புத்தகத்தைப் படியில் வைத்துவிட்டு வந்து, ஒரு முனையை அவன் கையில் கொடுத்தேன்.

"மெதுவா இழு. உள்ள மீன் இருக்கும்."