கண்காட்சிக்கு விட்ட மைதானத்தில் புல் பிடித்த கதை

எங்கள் ஊர் நகராட்சி மைதானத்தில் இப்போது புல் இருக்கிறது. கோல் போஸ்டுக்கு முன்னால்கூட மண் தெரியவில்லை. இதற்குப் பட்ட பாட்டை எழுதி வைத்தால், வேறு ஊர் கிளப்காரர்கள் யாருக்காவது கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

முதல் முட்டுக்கட்டை, இடம் யாருடையது என்பது. மைதானத்தில் புல் வளர்க்கக் கேட்டு எங்கள் கால்பந்து கிளப் கொடுத்த மனுவை வாங்கிய நகராட்சி செக்‌ஷன் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அது ஸ்கூல் இடம் சார், எங்க லிமிட்ல வராது” என்றார். பள்ளிக்குப் போனால் ஹெச்.எம். சிரிக்கிறார்: “ஸ்போர்ட்ஸ் டேக்கே நாங்க நகராட்சியிலதாங்க பர்மிஷன் வாங்குறோம்.” முதல்வர் உதவி மைய எண் 1100-க்கும் போன் போட்டோம். ‘மனு பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அதோடு மனுவை முடித்தும் வைத்துவிட்டார்கள். நகர நில அளவைப் பதிவேட்டு நகல் (டி.எஸ்.எல்.ஆர்.) ஆன்லைனிலேயே கிடைக்கிறது. அதை பிரிண்ட் எடுத்து, நகராட்சி பெயர் இருக்கும் வரியில் மஞ்சள் மார்க்கர் போட்டு மேஜையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் கோப்பு எண்ணே விழுந்தது. நீங்கள் முதல் நாளே இந்தத் தாளோடு போய்விடுங்கள். எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம். மூன்றில் ஒரு பங்கு நாங்கள் திரட்டிக் கொடுத்தோம். அதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் எஸ்டிமேட்டில் புல் நடுவதற்கு மட்டும்தான் வரி இருந்தது. தண்ணீர், உரம், வெட்டு எதற்கும் இல்லை. கேட்டால், “மெயின்டெனன்ஸ் இதுல வராது சார்.” நட்டதோடு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட அது என்ன சிமென்ட் பெஞ்சா?

தண்ணீர்க் கணக்கை நீங்களே போட்டுக் கொண்டு போங்கள். 105-க்கு 68 மீட்டர் மைதானம் என்றால் 7,140 சதுர மீட்டர். வெயில் காலத்தில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்தாலே ஒன்றே முக்கால் லட்சம் லிட்டர் ஆகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் பதினைந்து நடை. இதைத் தாளில் பார்த்த பிறகுதான் ஓவர்சியர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தார். தினமும் தெளிப்பதைவிட வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக விடுவது நல்லது, அப்போதுதான் வேர் கீழே இறங்கும். வாட்ச்மேன் அண்ணனுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஆவணியில் அருகம்புல் கணுக்களை நட்டோம். வேர் பிடித்து, அங்கங்கே பச்சை ஓட ஆரம்பித்திருந்தது. ஒரு காலையில் பிராக்டிஸுக்குப் போனால் பெனால்டி ஏரியாவில் ராட்டினம் இறங்கிக்கொண்டிருக்கிறது! கண்காட்சிக்கு வருவாய்ப் பிரிவு வாடகைக்கு விட்டிருக்கிறது. பொறியியல் பிரிவுக்குத் தெரியாது. ரெண்டு பிரிவும் ஒரே வராண்டாவில்தான் இருக்கின்றன.

கண்காட்சி போன பிறகு மைதானத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. லாரிச் சக்கரம் ஏறிய களிமண்ணில் கடப்பாரை இறங்க மறுத்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, பையன்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தார்கள். ஆணி, கம்பித் துண்டு, ஸ்டேப்ளர் பின் எல்லாம் காந்தத்தில் மயிர்க்கூச்செறிந்து நின்றன. இறுகிய இடங்களில் கார்டன் ஃபோர்க்கால் குத்தி ஓட்டை போட்டு, சலித்த மணலை மெல்லிசாகத் தூவி, மறுபடியும் கணு நட்டோம்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போட்டது அப்போதுதான். வாடகை எவ்வளவு, மைதானத்தைச் சீர்செய்ய டெபாசிட் வாங்கினீர்களா, இரண்டே கேள்வி. முப்பது நாள் கெடுவுக்குள் பதில் வந்தது: டெபாசிட் ‘இல்லை’. அந்த ஒரு சொல்லை எங்கள் வார்டு கவுன்சிலர் அக்கா மன்றக் கூட்டத்தில் வாசித்தார். பத்து நிமிஷ சத்தத்துக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது: நடவுக்குப் பின் மூன்று மாதம் யாருக்கும் வாடகை இல்லை, அதன் பிறகும் டெபாசிட் கட்டாமல் லாரி உள்ளே வரக்கூடாது. தீர்மான நகலை லேமினேட் செய்து கேட்டில் மாட்டியிருக்கிறோம்.

உரம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நகராட்சியே குப்பையிலிருந்து உரம் தயாரிக்கிறது, எங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். ஆனால் சலித்துப் பார்த்தால் கண்ணாடிச் சில்லும் பால் கவர் துண்டும் வருகின்றன. கோல்கீப்பர் விழுகிற இடத்தில் அதை அப்படியே கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரெண்டு தரம் சலிக்காமல் போடவே கூடாது.

கோரைக் களையை ஒழிக்க நகராட்சி அனுப்பிய ஆள், கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் கருக்குகிற மருந்தோடு வந்தார். நல்லவேளை, டேங்கில் கலக்கும் முன்பே பார்த்துவிட்டேன். கரும்புத் தோட்டத்தில் கோரைக்கு அடிக்கிற ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லி இருக்கிறது. அது அருகை விட்டுவிட்டுக் கோரையைப் பிடிக்கும். உடனே கருகவில்லையே என்று மறுபடி அடிக்காதீர்கள், மெதுவாகத்தான் மஞ்சளாகும். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் கோரையைக் கையால் பிடுங்கி மாளாது.

இப்போதைய சண்டை வெட்டுவதில். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. இவர்களோ முழங்கால் உயரம் வரட்டும் என்று விட்டு, சாலையோரம் முள் வெட்டுகிற பிரஷ் கட்டரைக் கொண்டுவந்து மொட்டை அடிக்கிறார்கள். அடுத்த வாரம் முழுக்க மைதானம் வைக்கோல் நிறம். புல் வெட்டும் மெஷின் (மோவர்) கேட்டு எழுதினோம். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று கோப்பு திரும்பி வந்திருக்கிறது. இரண்டு கொடுத்தாயிற்று. ஜி.எஸ்.டி. பில்லோடு ரீல் மோவர் விற்கிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மார்ச்சுக்குள் கோப்பு நகராவிட்டால் நிதி திரும்பிப் போய்விடுமாம்.